வெப்ஸ்ரர் வீட்டு விசாரிப்பு

ஸ்ரீஸ்கந்தராசாவுக்கு அந்தக் கிழமை முழுக்க இருப்புக் கொள்ளவில்லை. வெள்ளவத்தையில் கடலை நோக்கி இறங்குகிற ஒரு ஒழுங்கையில், மூன்றாம் மாடி பிளாட்டில், ஹோலுக்கும் பல்கனிக்குமாக நடந்துகொண்டே இருந்தார். மனைவி கனகேஸ்வரி ஊற்றி வைத்த தேத்தண்ணி ஆடை கட்டிக் கிடந்தது. ரயில் போனால் எட்டிப் பார்த்தார். கீழே ஜீப் நின்றால் சேர்ட் பையைத் தடவி, அடையாள அட்டை இருக்கிறதா என்று பார்த்தார். மத்திய வங்கியில் குண்டு வெடித்த அடுத்த வருடம் அது. கொழும்புத் தமிழர் எல்லாருக்கும் அப்படிப் பையைத் தடவுகிற வியாதி பிடித்திருந்த காலம். ஆனால் இவருடைய அந்தரம் யுத்தத்தால் வந்ததல்ல, ஒரு பேரால் வந்தது.

மகள் சிவமணி கோட்டையில் ஒரு கப்பல் கொம்பனியில் வேலை பார்த்தாள். அங்கே தன்னோடு வேலை செய்கிறவரைத்தான் கட்டப்போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டாள். மாப்பிள்ளையின் பேர் ஹியூபேட் வெப்ஸ்ரர். கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்கர். தகப்பன் காலமாகிவிட்டார், தாய் டோரின் மட்டும்தான்.

"நீங்கள் ஓமெண்டால் உங்கட கையால கட்டித் தாங்கோ, அப்பா. இல்லையெண்டால் நான் கோயிலில போய்க் கட்டுவன். ஆனா பிறகு இந்த வீட்டுப் படி மிதிக்க மாட்டன்" என்றாள். கத்திச் சொல்லவில்லை. கத்தியிருந்தால் அவரும் பதிலுக்குக் கத்திச் சமாளித்திருப்பார். மகன்மார் இரண்டு பேரும் கனடாவுக்குப் போய், நத்தாருக்கு ஒரு ரெலிபோன் என்று ஆகிவிட்டார்கள். இவளும் போய்விட்டால் அந்த பிளாட்டில் மிஞ்சுவது தானும் கனகேஸ்வரியும் இருவருடைய பிரஷர் குளிசைகளும்தான் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். 

கிறிஸ்தவம் என்பதை அவர் ஒரு பகலிலேயே விழுங்கிவிட்டார். அவரைப் போன்ற யாழ்ப்பாணத்து ஆட்களுக்கு இது பெரிய வித்தையில்லை. சமயத்தை வேண்டுமானால் மாற்றிக்கொள்ளலாம். மாற்ற முடியாத சங்கதி வேறொன்று இருக்கிறது. அதை அவர்கள் வாயால் சொல்ல மாட்டார்கள். "ஆர் ஆக்கள்?" என்று மட்டும் கேட்பார்கள். ஸ்ரீஸ்கந்தராசா அதையும் கேட்க முடியாத இடத்தில் இருந்தார். சாதி பார்ப்பவன் மனிதனே இல்லை என்று மேடை ஏறிப் பேசிக் கைதட்டு வாங்கியவர் அவர். அந்தப் பேச்சை முன்வரிசையில் இருந்து கேட்டு வளர்ந்தவள் சிவமணி.

அரசாங்கத் திணைக்களம் ஒன்றில் முப்பது வருடம் இங்கிலீசைத் தமிழாக்கிப் பென்சன் எடுத்தவர் ஆகையால், முதலில் அகராதியைத்தான் தூக்கினார். பேர்களின் பூர்வீகம் சொல்லுகிற தடித்த புத்தகம் ஒன்று அவரிடம் இருந்தது. மத்தியானச் சாப்பாட்டு மேசையில் கனகேஸ்வரிக்கு வகுப்பே எடுத்தார்.

"வெப்ஸ்ரர் எண்டால் நெசவு செய்யிறவள். கவனி, செய்யிறவன் இல்லை, செய்யிறவள். பழைய இங்கிலீசில ஆம்பிளையெண்டால் வெப்பா. அந்தக் கடைசி 'ஸ்ரர்' பொம்பிளையளுக்குரியது. நூல் நூற்றவள் ஸ்பின்ஸ்ரர். அவள் நூற்றுக்கொண்டே வீட்டில இருந்தபடியால் பிறகு கலியாணம் முடிக்காதவளுக்கே அது பேராப் போச்சு. பாண் சுட்டவள் பக்ஸ்ரர். பிறகு ஆம்பிளையள் அந்த வேலையளுக்குள்ள பூந்து, பேரையும் பறிச்சுக்கொண்டிட்டாங்கள்."

"பறிக்காமல் விடுவியளோ" என்றாள் கனகேஸ்வரி, குழம்பை ஊற்றிக்கொண்டே.

"இன்னும் கேள். வோக்கர் எண்டால் றோட்டில நடக்கிறவன் எண்டோ நினைச்சாய்? நெய்த துணியைத் தொட்டியில போட்டுக் காலால மிதிச்சு இறுக்கினவன். அதே வேலைக்குத் தெற்கில ஃபுல்லர் எண்டு பேர், மேற்கில ரக்கர். சாயம் தோய்ச்சவன் லிஸ்ரர். அந்தத் தேசத்துத் துணி முழுக்க ஆக்களின்ர பேரிலதான் தொங்குது. எங்களை ஆண்டிட்டுப் போன துரைமாரில பாதிப் பேர் நெசவுகாரன்ர மக்கள்!"

சொல்லிவிட்டுச் சந்தோசமாகச் சிரித்தார். கனகேஸ்வரிக்கு அவ்வளவும் வேண்டியிருக்கவில்லை. "அப்ப பெடியன் வெள்ளைக்காரப் பரம்பரையோ?" என்று கேட்டாள்.

"அப்பிடித்தான் இருக்கும். பறங்கி கலந்திருக்கும்."

"அப்ப பரவாயில்லை" என்றாள் அவள். அவருக்கும் அப்படித்தான் பட்டது. வெள்ளைக்காரன் தறியில் இருந்தாலென்ன, சாயத்தொட்டியில் இருந்தாலென்ன, அவனுக்குச் சாதி, பகுதி பிரிக்கிறது இல்லைத்தானே. ஒரு நெசவுகாரனுடைய வம்சத்தில் மகளைக் கொடுக்கிறோம் என்று நெற்றியைச் சுருக்காமல், கடல் தாண்டிய நெசவுகாரன் என்றதும் இரண்டு பேருக்கும் பசி கூடிவிட்டது. இந்தக் கூத்தைப் பார்த்து யாராவது சிரித்திருந்தால் அவருக்குக் கோபம் வந்திருக்கும்.

ஹியூபேட் ஒரு விடுமுறை நாள் சாப்பிட வந்தார். ஒல்லியான, கண்ணாடி போட்ட, அமைதியான ஆள். சிவமணியைப் பார்க்கிறபோது மட்டும் முகம் முழுக்கச் சிரிப்பு. வருகிற வழியில் இரண்டு இடத்தில் பஸ்ஸை மறித்தார்களாம். எல்லாரையும் இறக்கி, இவருடைய அட்டையில் வெப்ஸ்ரர் என்று பார்த்ததும் "யன்ன மஹத்தயா" என்று போகச் சொல்லிவிட்டார்களாம். ஸ்ரீஸ்கந்தராசாவின் அட்டையைக் கண்டால் அந்தப் பேரை எழுத்துக்கூட்டி முடிக்கவே அவர்களுக்கு ஒரு நிமிடம் பிடிக்கும். முடித்த பிறகு முகம் மாறும். கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது அவருக்கு.

"உங்கட மூதாதையர் இங்கிலாந்தில எந்தப் பக்கம், தம்பி?" என்று நைசாகத் தொடங்கினார்.

ஹியூபேட் வாய்விட்டுச் சிரித்தார். "இங்கிலாந்தா? நாங்க தமிழாக்கள்தான், அங்கிள். தாத்தாட அப்பா கொழும்பு ஹாபர்ல கப்பல் வேலைக்கு வந்தப்ப ஒரு துரை வச்ச பேர். அம்மாவுக்குத்தான் அந்தக் கதை தெரியும்." சொல்லிவிட்டு, கத்தரிக்காய்க் குழம்பு இன்னும் கொஞ்சம் வாங்கிச் சாப்பிட்டார்.

ஸ்ரீஸ்கந்தராசாவுக்குச் சோறு இறங்கவில்லை. தமிழன் ஒருவனைப் பார்த்து ஒரு துரை எதற்காக அந்தப் பேரை வைக்கவேண்டும்? ஆயிரம் பேர் இருக்க, நெசவுகாரன் என்று ஏன்? அன்றைக்கு மண்டைக்குள் புகுந்த புழுதான் கிழமை முழுக்க அவரை ஹோலுக்கும் பல்கனிக்குமாக நடத்தியது. ஹியூபேட்டிடம் கேட்டால் சிவமணிக்குத் தெரிந்துவிடும். கேட்காமல் விட்டால் புழு விடாது. கடைசியில், பல் காட்டப் போகிறேன் என்று பொய் சொல்லிவிட்டு, ஒருநாள் காலை கொட்டாஞ்சேனை வழியாக மட்டக்குளிக்குப் போகிற பஸ்ஸில் ஏறிவிட்டார்.

யாழ்ப்பாணத்தில் இது ஒரு கலை. சம்பந்தம் பேசுவதற்கு முன் யாராவது அந்த ஊருக்குப் போய், கடையில் சோடா குடித்து, மழையைப் பற்றியும் வெங்காய விலையைப் பற்றியும் கதைத்து, போகிற போக்கில் "அந்த வீடு ஆர் ஆக்கள்?" என்று கேட்பார்கள். கேட்கப்பட்டவர் ஒரு குறிச்சியையோ கோயிலையோ சொல்லுவார். அவ்வளவுதான், எல்லாம் விளங்கிவிடும். கேட்டவனும் கேட்கவில்லை, சொன்னவனும் சொல்லவில்லை. அந்தக் கலையை அப்படியே தூக்கிக்கொண்டு, தெருவுக்குத் தெரு பொலிஸ் காவலரண், சென்றி போட்டிருந்த கொட்டாஞ்சேனைக்கு வந்து இறங்கினார் மனுசன்.

சாப்பிட வந்த அன்று ஹியூபேட் பேச்சுவாக்கில் சொன்ன அடையாளத்தை வைத்து டோரின் வீட்டைக் கண்டுபிடித்தார். அந்த ஒழுங்கை முகப்பில் அலவி என்பவருடைய பலசரக்குக் கடை. ஸ்ரீஸ்கந்தராசா ஒரு சோடா வாங்கினார். வெயிலைப் பற்றிச் சொன்னார். பிறகு ஒழுங்கைக்குள் கண்ணை ஓட்டி, "அந்தப் பச்சைக் கேற் வீட்டில எத்தனை பேர் இருக்கினம்?" என்று கேட்டார்.

அலவி நிமிர்ந்து பார்த்தார். "தாயும் மகனும். எனத்துக்கு?"

"சும்மாதான். எவ்வளவு காலமா இஞ்ச இருக்கினம்? முதல் எங்க இருந்தவை?"

"நமக்குத் தெரியாது."

"ஆர் வந்து போறவை? மகன் வேலைக்கு எத்தனை மணிக்குப் போறவர்?"

கலியாண விசாரிப்பில் இதெல்லாம் பால்குடிக் கேள்விகள். மாப்பிள்ளை நேரத்துக்கு வேலைக்குப் போகிறாரா, கூடாத சகவாசம் உண்டா என்பதற்காகக் கேட்பது. அந்த வருடத்தில், அந்த ஒழுங்கையில், யாழ்ப்பாணத் தமிழில், முன்பின் காணாத ஒருவர் வாயிலிருந்து வருகிறபோது அது வேறு மாதிரிக் கேட்டது. அலவியின் கை சில்லறையை நீட்டியபடியே நின்றுவிட்டது.

ஸ்ரீஸ்கந்தராசா அதைக் கவனிக்கவில்லை. ஒழுங்கைக்குள் இறங்கி, தையல் மெசினை வாசலில் போட்டுத் தைத்துக்கொண்டிருந்த றோஸி என்ற அம்மாவிடம் போனார். "அவையள் என்ன ஆக்கள்?" என்று இப்போது நேராகவே கேட்டார்.

"நல்ல ஆக்கள். ஒவ்வொரு செவ்வாயும் அந்தோனியார் கோயிலுக்குப் போவாங்க."

"அதில்லை. என்ன... பகுதி?"

"மேற்றிராசனத்தைக் கேக்கிறீங்களா, பங்கையா?"

கோயில் எல்லைகளைத்தான் கேட்கிறார் என்று அவள் நினைத்தாள். அவருக்கு வேர்த்து ஒழுகியது. பச்சைக் கேற்றைத் தாண்டி ஒருமுறை போனார், திரும்பி வந்தார், மறுபடி போனார். உள்ளே தறி ஏதும் தெரிகிறதா என்று பார்த்தாரோ என்னவோ, கேற் இடுக்கால் எட்டியும் பார்த்தார். திரும்பியபோது முன்னால் இரண்டு பொலிஸ்காரர் துவக்கோடு நின்றார்கள்.

அலவி மேல் பிழை சொல்ல முடியாது. நாளைக்கு ஏதும் நடந்தால், உன் கடையில் சோடா குடித்தவன் யார் என்று முதலில் அவரைத்தான் கேட்பார்கள். சென்றிக்கும் சொல்லிவிட்டார், டோரினுக்கும் ஆள் அனுப்பிவிட்டார்.

மண்மூட்டை அடுக்கிய சென்றிக்கு அவரைக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். சார்ஜன்ற் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறந்த இடம் யாழ்ப்பாணம். இருப்பது வெள்ளவத்தை. இங்கே என்ன வேலை? ஸ்ரீஸ்கந்தராசா வாயைத் திறந்தார்.  வீடு வாடகைக்குப் பார்க்கிறேன் என்றார். எந்த வீடு? தெரியாது. அந்தப் பச்சைக் கேற் வீட்டில் யார் எப்போது போய் வருகிறார்கள் என்று ஏன் கேட்டாய்? அதற்கு உண்மையைச் சொல்ல வெட்கமாக இருந்தது. பொய் சொல்லப் பயமாக இருந்தது. சுற்றிவர ஆட்கள் கூடிவிட்டார்கள். இப்படிக் கொண்டுபோன சிலர் திரும்பி வரவேயில்லை என்பதை அவர் பேப்பரில் வாசித்தவர். கை பழக்கத்தில் சேர்ட் பையைத் தடவியது, அட்டை அங்கே இருக்கவில்லை.

"இங்கே உன்னைத் தெரிந்தவர் யாராவது இருக்கிறார்களா?" என்று சார்ஜன்ற் சிங்களத்தில் கேட்டார்.

கொட்டாஞ்சேனை முழுவதிலும் அவருக்குத் தெரிந்த ஒரே ஒரு பேர்தான் இருந்தது. "வெப்ஸ்ரர்" என்றார், சத்தம் வராமல்.

டோரின் ஏற்கெனவே வந்துகொண்டிருந்தார். அறுபது வயதிருக்கும். இஸ்திரி போட்ட பூப்போட்ட கவுன், குட்டையாக வெட்டிய நரைமுடி. வங்கியொன்றில் வேலைபார்த்து ஓய்வெடுத்தவர். ஸ்ரீஸ்கந்தராசாவைப் படத்தில் மட்டும் பார்த்திருந்தார், சிவமணி காட்டியது. றோஸி வழியிலேயே மறித்து, "பகுதி" என்ன என்று கேட்டதைச் சொல்லிவிட்டாள். றோஸிக்குத்தான் விளங்கவில்லை, டோரினுக்கு நன்றாகவே விளங்கியது. அது அவருடைய முகத்தில் இருந்தது. துவக்கைவிட அந்த முகத்துக்குத்தான் ஸ்ரீஸ்கந்தராசா அதிகம் பயந்தார்.

"மே மஹத்தயாவ அந்துரனவத?" இவரைத் தெரியுமா என்று சார்ஜன்ற் கேட்டார்.

 டோரின் ஸ்ரீஸ்கந்தராசாவை ஏற இறங்கப் பார்த்தார். தெரியாது என்று ஒரு சொல் சொன்னால் போதும். சொல்லத்தான் போகிறாள் என்று அவருக்குத் தோன்றியது. சொன்னால் பிழையில்லை என்றும் தோன்றியது.

"தெரியும்" என்றார் டோரின், அந்த ஊர்ச் சிங்களத்தில், கொன்னாமல். "மகே புதாகே மாமண்டி." என்னுடைய மகனின் மாமனார்.

சார்ஜன்ற் புருவத்தை உயர்த்தினார். மாமனாரென்றால் வீட்டுக்கு வராமல் கடைகடையாக ஏன் விசாரித்துத் திரிகிறார்?

"அது எங்கட ஆக்களின் வழக்கம், மஹத்தயா. பெண் கொடுக்க முதல், என்ன சாதி என்று களவாகக் கேட்டுப் பார்ப்பார்கள்."

சார்ஜன்ற் பெரிதாகச் சிரித்துவிட்டார். "எங்கள் வீட்டிலும் அப்படித்தான்! தங்கச்சிக்குப் பேசின நேரம் எங்கள் அம்மா ஒரு ஊர் விடாமல் அலைந்தாள்" என்று மற்றப் பொலிஸ்காரனுக்குச் சொன்னார். கூட்டமும் சிரித்தது. அலவி மட்டும் தலையில் கைவைத்துக்கொண்டார். பிறகு சார்ஜன்ற், அட்டையைக் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு, ஸ்ரீஸ்கந்தராசாவைக் கேட்டார்: "இப்போது விசாரித்தாகிவிட்டதுதானே. எப்படி? நல்ல ஆட்களா?"

ஒழுங்கை முழுக்க அவருடைய வாயைப் பார்த்தது.

"ஹொந்தய்" என்றார். நல்லவர்கள்.  போதாது என்று அவருக்கே பட்டிருக்க வேண்டும். "போஹோம ஹொந்தய்" என்று மறுபடி சொன்னார். மிகவும் நல்லவர்கள்.

அட்டை கைக்கு வந்தது.

டோரின் பஸ் நிறுத்தும் இடம் வரைக்கும் கூட நடந்தார். அவர் வேகமாக நடந்தார், ஸ்ரீஸ்கந்தராசா பின்னால் இழுபட்டார். நன்றி சொல்ல வாயெடுத்தபோது டோரின் சட்டென்று நின்றார்.

"நெசவு" என்றார். "அதுதானே கேட்டு வந்தீங்க? என்ட ஹஸ்பண்ட்ட தாத்தா உங்கட யாழ்ப்பாணத்து ஆள்தான். சூசைமுத்து. தகப்பன் தறிக்காரர். அங்க கலியாண வீடுகள்ல தனிப் பந்தி, தனிப் பாய். அது பிடிக்காமத்தான் ஹாபருக்கு வேலைக்கு வந்தார். பேர் பதியிற இடத்தில ஒரு துரை இருந்தாராம். அப்பன் என்ன வேலை எண்டு கேட்டாராம். நெசவு எண்டாராம். துரை சிரிச்சிட்டு, எங்கட ஆக்களும் அதுதான்டா எண்டு தன்ட பேரையே வச்சிவிட்டாராம்."

ஸ்ரீஸ்கந்தராசாவுக்குத் தலை நிமிரவில்லை. வெப்பா, வெப்ஸ்ரர், வோக்கர் என்று எல்லாம் தெரிந்த தலை அது.

"எந்த நாட்டுக்காரனோ பேரைக் குடுத்தான். உங்களுக்கு எங்கட வாசலுக்கு வந்து ஒரு கேள்வி கேக்கக் கஷ்டமா இருக்கு."

"மிஸிஸ் வெப்ஸ்ரர், நான் அப்பிடி..."

"அப்பிடித்தான். நான் அங்க தெரியாது எண்டு சொல்லப் பாத்தனான். உண்மையாத்தான். சிவமணிட முகம் வந்திச்சு, விட்டிட்டன்." டோரின் விரலை நீட்டினார். "ஆனா ஒண்டு விளங்கிக்கொள்ளுங்க. பொலிஸுக்குச் சொன்னது உங்கள வெளியில எடுக்க. சம்பந்தம் எண்டு நான் இன்னும் ஒத்துக்கொள்ளல்ல. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிய வீட்டுக்கு வாங்க. உங்கட மிஸிஸையும் கூட்டிக்கொண்டு முன் கேற்றால வாங்க. வந்து கேளுங்க. நானும் என்ட ஆக்கள்ட்ட கதைக்க வேணும்."

"சிவமணியை உங்களுக்குப் பிடிக்கும்தானே?"

"அவளுக்கென்ன, தங்கம். நாங்க குடும்பத்தையும் பாக்கத்தானே வேணும்" என்றார் டோரின். பஸ் வந்தது. அவர் திரும்பி நடந்துவிட்டார்.

திரும்புகிற வழியில் பஸ்ஸை மறித்தார்கள். எல்லாரையும் இறக்கினார்கள். வரிசையில் நின்றபோது ஸ்ரீஸ்கந்தராசாவுக்குப் பயம் வரவில்லை.  தனிப் பந்தி, தனிப் பாய் என்று அந்தப் பொம்பிளை சொன்னபோது அவருக்கு ஒரு பந்தல் ஞாபகம் வந்திருந்தது, சொந்தத் தகப்பன் வாசலில் நின்று ஆட்களைப் பிரித்து அனுப்பிய பந்தல். அப்போது அது அவருக்குச் சாதாரணமாக இருந்தது. இப்போது நினைக்க உடம்பு கூசியது.

வீட்டுக் கதவைத் திறந்த கனகேஸ்வரி, அவருடைய சேர்ட் நனைந்திருந்த கோலத்தைப் பார்த்துவிட்டு, பல்லைப் பற்றிக் கேட்கவில்லை. அவர் எங்கே போனார் என்று அவளுக்குத் தெரியும். "என்ன, ஆர் ஆக்களாம்?" என்றாள்.

ஹோலில் சிவமணி நின்றாள். அரை நாள் லீவு போட்டு வந்திருந்தாள். கண் சிவந்திருந்தது. டோரின் கொம்பனிக்கு ரெலிபோன் எடுத்துச் சொல்லியிருக்க வேண்டும். தகப்பனைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நெசவுகாரர்" என்றார் ஸ்ரீஸ்கந்தராசா. "எங்கட பக்கத்துத் தமிழாக்கள்."

கனகேஸ்வரி கதிரையில் இருந்துவிட்டாள். "ஐயோ, அப்ப என்னெண்டு... நாங்கள் சம்மதமில்லையெண்டு சொல்லிவிடுவமே?"

"எங்களிட்ட ஆரும் சம்மதம் கேக்கேல்லை. ஞாயிற்றுக்கிழமை நாங்கள்தான் போய்க் கேக்க வேணும்."

"கேட்டால்?"

"தருவினமோ தெரியேல்லை."

அவர் சப்பாத்தைக் கழற்றவில்லை. அப்படியே மகளுக்குக் கிட்டப் போனார். மன்னிப்புக் கேட்கத்தான் நினைத்தார். எத்தனையோ பேருடைய பேச்சை அழகாகத் தமிழாக்கியவருக்குச் சொந்தமாக வந்தது இவ்வளவுதான்.

"பிள்ளை, எனக்காக நீ அவையளிட்ட ஒரு சொல்லுச் சொல்லுவியோ?"